கப்பி வைத்த வில்

2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது நானும் பேரனும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஜோதி சுரேகாவும் ஓஜஸ் தேவ்தளேயும் காம்பவுண்டு வில்லில் ஆளுக்கு மூன்று தங்கம் வாங்கிய போட்டி அது. பேரன் கேட்டான்: “தாத்தா, ராமர் வில்லுல சக்கரம் இல்லையே, இவங்க வில்லுல மட்டும் ஏன் மேலயும் கீழயும் சக்கரம் இருக்கு?”

“கிணத்துல கப்பி எதுக்குடா இருக்கு? இழுக்கச் சுலபமா இருக்கத்தான்” என்றேன்.

மோட்டார் தண்ணீரில் வளர்ந்த பிள்ளை. கப்பி என்றால் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. அதை விளக்கி முடிப்பதற்குள் போட்டியே முடிந்துவிட்டது. ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, நான் சொன்ன பதில் பாதிகூடச் சரியில்லை. கிணற்றுக் கப்பி குடத்தின் பளுவைக் குறைப்பதில்லை. மேலே தூக்க வேண்டியதைக் கீழே இழுக்க வைக்கிறது, அவ்வளவுதான். வில்லில் இருக்கும் சக்கரம் செய்வது வேறு வேலை. ஐந்தாறு வருஷத்துக்கு முன் அதைக் கையில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதன் கதையையும் கொஞ்சம் தேடிப் படித்திருக்கிறேன். பேரனுக்குக் கடன்பட்ட பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

புதுச்சேரியில் என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களில் பாதிப் பேர் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தான். அவன் அப்பாவும் சொல்தா, தாத்தாவும் சொல்தா. நாங்களும் அவனைச் சொல்தா என்றே கூப்பிடுவோம். இருபத்தைந்து வருஷம் பணி செய்துவிட்டு, ஒர்லெயானுக்குத் தெற்கே சொலோஞ் காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு வாங்கிக்கொண்டான். நான் இங்கே கோப்புகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவன் அங்கே வில் எடுத்து வேட்டைக்குப் போக ஆரம்பித்திருந்தான். 2018 செப்டம்பரில் அவன் வீட்டில் மூன்று வாரம் தங்கினேன். அப்போதுதான் புது வில் வாங்கப் போகிறேன், நீயும் வா என்று அழைத்துப் போனான்.

நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது குற்றம். எனக்கும் அதில் பிரியம் கிடையாது, எலிப்பொறி வைக்கவே யோசிப்பேன். அவர்கள் நாட்டு நடைமுறை வேறு. ஷெவ்ரய் என்ற சிறு மான், வெள்ளாட்டைவிடக் கொஞ்சம் பெரியது, இந்த வட்டாரத்தில் இந்த ஆண்டு இத்தனைதான் சுடலாம் என்று எண்ணிக்கை நிர்ணயித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பட்டை கொடுக்கிறார்கள். பட்டை இல்லாமல் ஒரு மானும் காட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. வில் வேட்டையை 1995 பிப்ரவரியில் ஓர் அரசாணை மூலம்தான் முறைப்படுத்தினார்கள். ஒரு நாள் பயிற்சி கட்டாயம். ஒவ்வொரு அம்பிலும் வேட்டை உரிம எண் அழியாத மையில் எழுதியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி எனக்குப் பிடித்திருந்தது. அம்பு எங்கே கிடந்தாலும் யாருடையது என்று தெரிந்துவிடும். கையெழுத்துப் போடாத கோப்பு நகராது என்பதைப் போல.

சொல்தா 1996லேயே பயிற்சி முடித்து முதல் வில்லை வாங்கிவிட்டான். அது ஷெட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாகத் தொடவில்லை என்றான். காரணத்தை முதல் வாரம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடையில் சுவர் முழுக்கச் சக்கரம் வைத்த வில்கள். பிரெஞ்சில் இதை ‘ஆர்க் ஆ பூலி’ என்பார்கள், நேராகச் சொன்னால் கப்பி வில். “இந்தச் சக்கரத்தை முதலில் வைத்தது யார்?” என்று கடைக்காரரைக் கேட்டேன். “யாரோ ஓர் அமெரிக்கர், மெஸ்யே” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ‘யாரோ ஒருவர்’ என்ற பதில் போதாது. எவர், எந்தத் தேதி, எந்த எண் என்று இருக்க வேண்டும். தேடிப் பார்த்ததில் இருந்தது.

அதற்கு முன் ஒரு பழைய கதை. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஃப்ருவாசார் என்ற பதினான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரைப் படிக்க வைப்பார். அவர் 1388ல் பிரனே மலையடிவாரத்தில் ஒர்த்தேஸ் ஊரில் ஒரு பிரபுவின் அரண்மனையில் தங்கினார். அந்தப் பிரபு ஃபுவா சீமையின் கோமான் கஸ்தோன் ஃபெபூஸ். வேட்டைப் பைத்தியம். 1387ல் ‘லீவ்ர் தெ ஷாஸ்’, அதாவது வேட்டை நூல் என்ற ஒன்றை எழுதத் தொடங்கினார். 1391ல் கரடி வேட்டைக்குப் போய்த் திரும்பிய அன்றே இறந்தும் போனார். 87 சிற்றோவியங்களோடு அந்நூலின் பிரதி ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ஃபெபூஸ் நாய்களோடு துரத்தும் வேட்டையைத்தான் உயர்வாக நினைத்தவர். ஆனாலும் வில்லுக்கு ஓர் இடம் கொடுத்து, வேட்டை வில் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். மரம் இன்னது, நாண் இன்னது, நீளம் இத்தனை சாண் என்ற கணக்கோடு இன்னொன்றும் சொல்கிறார். வேட்டை வில் மிகவும் விறைப்பாக இருக்கக்கூடாது. மான் வரும்போது கையை அசைத்து நாணை இழுத்தால் பார்த்துவிடும். ஆகவே முன்னாலேயே இழுத்து, அது மெதுவாகப் பார்த்துப் பார்த்து வரும்வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். விறைப்பான வில்லை அப்படிப் பிடிக்க முடியாது.

இதை முதலில் படித்தபோது சாதாரணமாகத்தான் தோன்றியது. கப்பி வில்லின் கதை தெரிந்த பிறகு திரும்பப் படித்தால், வில் வேட்டையின் மொத்தச் சிக்கலும் அதில் இருக்கிறது. மென்மையான வில் என்றால் பிடித்து நிற்கலாம், ஆனால் அம்பில் பலம் இருக்காது. விறைப்பான வில் என்றால் அம்பு ஊடுருவும், ஆனால் இழுத்தவுடன் விட்டாக வேண்டும். சாதாரண வில்லில் இழுக்க இழுக்கப் பளு ஏறிக்கொண்டே போகும். முழுதும் இழுத்த இடத்தில்தான் அது உச்சம். அந்த உச்சத்தில்தான் குறி பார்க்க வேண்டும், அந்த உச்சத்தில்தான் கை நடுங்கும்.

அமெரிக்காவில் வில் வேட்டை மறுபடி துளிர்த்த கதையும் இந்தச் சிக்கலைச் சுற்றியே போகிறது. 1911 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஒரொவில் ஊரில், யாகி என்ற பழங்குடியின் கடைசி மனிதர் தனியாகக் காட்டிலிருந்து வெளியே வந்தார். அவர் இனத்தாரை வெள்ளையர் வேட்டையாடி அழித்திருந்தார்கள். இஷி என்று பெயர் வைத்து சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்க வைத்தார்கள். அங்கே மருத்துவராக இருந்த சாக்ஸ்டன் போப் அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். இஷியின் வில் சிறியது. தூரத்திலிருந்து எய்வது அவர் பழக்கமில்லை. மறைந்திருந்து, முயல் கத்துவதைப் போல ஒலியெழுப்பி, மிருகத்தைக் கிட்டத்தில் வரவழைப்பார். 1916 மார்ச்சில் காசநோயில் இறந்தார். போப்பும் அவர் நண்பர் ஆர்தர் யங்கும் பலமான நெடுவில்களோடு வேட்டையைத் தொடர்ந்தார்கள். 1923ல் வந்த போப்பின் புத்தகம் ஒரு தலைமுறையையே வில் எடுக்க வைத்தது. 1934ல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் ஒதுக்கியது.

இனி கடைக்காரர் சொன்ன ‘யாரோ ஒருவர்’. அவர் பெயர் ஹோலஸ் வில்பர் ஆலன். ஊர் மிசூரி மாநிலத்தின் பில்லிங்ஸ். வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போன சாதாரண ஆள். அவர் தேடியது காத்திருப்பை அல்ல, பலத்தை. அதே இழுப்பில் அம்புக்கு இன்னும் ஆற்றல் வேண்டும் என்பதுதான் யோசனை. வில்லின் இரண்டு நுனிகளிலும் உருளைகளை வைத்து, நாணைக் கம்பி வடத்தோடு இணைத்துப் பார்த்தார். 1966 ஜூன் 23 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பம். தலைப்பு ‘இழுவிசையைப் பெருக்கும் இணைப்புகள் கொண்ட வில்’ என்ற பொருளில். 1969 டிசம்பர் 30 அன்று உரிமை கிடைத்தது, எண் 34,86,495. மூன்றரை வருஷம். எங்கள் ஆபீசில் ஒரு சைக்கிள் முன்பணக் கோப்பு அதைவிட அதிக நாள் கிடந்ததுண்டு. ஆகவே அமெரிக்கக் குமாஸ்தாக்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

வில் கம்பெனிகள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கலிஃபோர்னியாவில் வில் செய்துகொண்டும் வில்வித்தைப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டும் இருந்த டாம் ஜென்னிங்ஸ்தான் அந்த விநோதப் பொருளை எய்து பார்த்து, உரிமம் பெற்றுச் செய்து விற்கத் தொடங்கினார். ஆலன் 1979ல் சாலை விபத்தில் இறந்தபோது அவர் வில் அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் பரவியிருந்தது.

அந்தச் சக்கரம் என்ன செய்கிறது? கிணற்றுக் கப்பியில் அச்சு நடுமையத்தில் இருக்கும். ஆலனின் சக்கரத்தில் அச்சுத் துளை ஓரமாக இருக்கும். இழுக்க ஆரம்பிக்கும்போது அச்சிலிருந்து நாணுக்கு உள்ள தூரம் குறைவு, வடத்துக்கு உள்ள தூரம் அதிகம்; அதனால் பளு சட்டென்று ஏறும். இழுக்க இழுக்கச் சக்கரம் சுழன்று, கடைசியில் நிலைமை தலைகீழாகும். நெம்புகோலின் நீண்ட பக்கம் நம் கைக்கு வந்துவிடும். வில்லின் கைகள் முழுக்க வளைந்து விறைத்து நிற்கின்றன, ஆனால் நம் விரலுக்குத் தெரிவது ஒரு சிறு பங்குதான். நாணை விட்டால் சேர்த்து வைத்த ஆற்றலில் பெரும்பகுதி அம்புக்குப் போகிறது.

இப்படிக் கடைசியில் குறையும் பளுவைச் சதவீதத்தில் சொல்கிறார்கள். 60 பவுண்டு வில்லில் 80 சதவீதம் தளர்வு என்றால், நடுவழியில் 27 கிலோவை இழுக்க வேண்டும், ஒரு சிப்பம் அரிசியைவிடக் கொஞ்சம் அதிகம். முழுக்க இழுத்த பிறகு கையில் நிற்பது ஐந்தரைக் கிலோ. அரை நிமிஷமும் அதற்கு மேலும் பிடித்து நிற்கலாம். பலத்தைத் தேடிப் போன ஆலன், ஃபெபூஸ் கேட்ட காத்திருப்பையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டார். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் நான் காத்திருப்பைத்தான் சொல்வேன். காரணம் ஒரு சின்னக் கணக்கு.

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 25 மீட்டரில் நிற்கும் மானுக்கு நாண் சத்தம் நூறில் ஏழு பங்கு நொடியில் கேட்டுவிடும். நொடிக்கு 75 மீட்டர் போகும் அம்பு சேர மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும். இன்றைய மிக வேகமான வில்லும் நொடிக்கு 100 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். அதற்கும் கால் நொடி. மிரண்ட மான் துள்ளுவதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்த இந்த இடைவெளி போதும். எந்தச் சக்கரமும் ஒலியை முந்தாது. ஆகவே மிரளாத மான், சரியான பக்கம், சரியான நொடி, இவை வரும்வரை நிற்க முடிவதுதான் வேட்டைக்காரனுக்குக் கிடைத்த வரம்.

அதனாலேயே சண்டையும் வந்தது. இது வில்லா, இயந்திரமா என்று கேட்டவர்கள் பலர். சில மாநிலங்கள் முதலில் அனுமதிக்கவில்லை. மிச்சிகன் கிரேலிங்கில் பெரிய வில் தொழிற்சாலை நடத்திய ஃபிரெட் பேர், தன் ஆலையில் கப்பி வில் செய்து விற்றாலும் தான் மட்டும் பழைய வளைவில்லையே வைத்துக்கொண்டார். போப், யங் இருவர் பெயரிலும் 1961ல் தொடங்கிய சங்கம் வேட்டைப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. 65 சதவீதத்துக்கு மேல் தளர்வுள்ள வில்லில் எய்ததைப் பதிய மாட்டோம் என்று நெடுநாள் நின்றார்கள். பிறகு பதிகிறோம், ஆனால் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடுவோம் என்று இறங்கி வந்தார்கள். ஏற்கவும் மனமில்லை, மறுக்கவும் வழியில்லை என்றால் ஓரக் குறிப்பு எழுதுவது எங்கள் ஆபீஸ் வழக்கமும்தான்.

சொல்தா தன் பழைய வில்லின் கதையைச் சொன்னது இரண்டாம் வாரம், சாப்பாட்டுக்குப் பிறகு. 70 பவுண்டு வில், 65 சதவீதம் தளர்வு, கையில் நிற்பது 11 கிலோ. நாற்பத்தாறு வயதில் வாங்கியது. அறுபத்திரண்டு வயதிலும் அதே 70 பவுண்டைத்தான் இழுத்துக்கொண்டிருந்தான். 2012ல் ஒரு சாயங்காலம் ஒரு ஷெவ்ரய் வந்தது. இவன் இழுத்துவிட்டான். அது ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டது. எண்ணிக்கொண்டே பிடித்து நின்றான். தோள் நடுங்க ஆரம்பித்தது. மான் ஓரடி வெளியே வைத்தது.

“அதோட தோள் தெரியறவரைக்கும் பொறுத்திருக்கணும்டா. என்னால முடியல. முடியலன்னா நாணை மெதுவா இறக்கிட்டு ‘போ’ன்னு விட்டிருக்கணும். அதையும் செய்யல. விட்டுட்டேன்.”

அம்பு வயிற்றில் பட்டது. காயப்பட்ட மிருகத்தைத் தேடுவதற்கென்றே பழக்கிய நாய்கள் அங்கே உண்டு, ‘ஷியென் தெ சான்’ என்பார்கள். நாய்க்காரர்கள் கூலி வாங்குவதில்லை. மறுநாள் விடிந்ததும் ஒருவர் வந்தார். மத்தியானம்வரை தேடினார்கள். ரத்தச் சுவடு ஓர் ஓடைக்கரையில் நின்றுவிட்டது. பதினொரு வருஷம் கழித்து இதை எழுதும்போதும் அவன் அதைச் சொன்ன குரல் நினைவிருக்கிறது. படை அனுபவங்களைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவன் அவன்.

“அப்புறம் எதுக்குடா புது வில்? விட்டுத் தொலைய வேண்டியதுதானே?” என்று கேட்டேன்.

“விட்டா அந்தத் தப்பு அப்படியே கடைசித் தப்பா நின்னுடும்” என்றான். எனக்கு முழுக்க ஒப்புதல் இல்லை. இன்றும் இல்லை. ஆனால் அவன் அந்த வில்லைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பார்த்த பிறகு வாதாடத் தோன்றவில்லை.

முதலில் இழுநீளம். கப்பி வில்லில் சக்கரம் ஓர் இடத்தில் சுவரில் முட்டியதைப் போல நின்றுவிடும், அதற்கு மேல் இழுக்க வராது. அதனால் வில் ஆளுக்குத் தைத்த சட்டையாக இருக்க வேண்டும். இரு கைகளையும் விரித்து நுனிவிரல் முதல் நுனிவிரல் வரை அங்குலத்தில் அளந்து, இரண்டரையால் வகுத்தால் ஏறக்குறைய வரும். சொல்தாவுக்கு 68 அங்குலம். வகுத்தால் 27 சொச்சம். பழைய வில் 29க்கு வைத்திருந்தது. பதினாறு வருஷம் தன் கைக்குப் பெரிய வில்லை இழுத்திருக்கிறான்! நீளம் கூடினால் முகத்தில் நாண் ஊன்றும் இடம் நிலைக்காது, இடது தோள் மேலேறும், நாண் முன்கையில் அடிக்கும். எல்லாவற்றையும் தன் கைக்குறை என்றே நினைத்திருக்கிறான்.

அடுத்தது பளு. கடைக்காரர் 60 பவுண்டு வைத்துக் கொடுத்தார். ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லி, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கச் சொன்னார். அந்த நிலையில் வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்காமல், குறியை நோக்கியபடியே நேராக இழுக்க வேண்டும். இழுக்க முடிந்தால் அது உங்கள் பளு. சொல்தா மூச்சைப் பிடித்து இழுத்துவிட்டான். முகம் சிவந்துவிட்டது. கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இவனே, “ஐம்பதுக்கு இறக்குங்கள்” என்றான். ராணுவத்தில் இருந்தவன் அந்த வார்த்தையைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். 50 பவுண்டு, 80 சதவீதம் தளர்வு. கையில் நிற்பது நாலரைக் கிலோ.

விளம்பரத்தில் போடும் வேகத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதும் அன்று தெரிந்தது. அது 70 பவுண்டு, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் எடையுள்ள லேசான அம்பு என்ற கணக்கில் எடுத்த எண். நம் கை அப்படி இல்லையென்றால் நம் வேகமும் அப்படி இல்லை. நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளி குறைவான வில்கள் வேகமானவை. ஆனால் அம்பு நாணை விட்டுப் பிரிய அதிக நேரம் எடுப்பதால் கையின் சின்னப் பிழையும் அதில் ஏறிவிடும். சொல்தா ஏழு அங்குல இடைவெளி உள்ளதை எடுத்தான்.

அம்புக்கும் கணக்கு உண்டு. எய்யும்போது அம்பு நேராகப் போவதில்லை, மீனைப் போல நெளிந்து போகிறது. 1930களில் பெல் ஆய்வுக்கூட இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படமெடுத்து இதைக் காட்டினார். நெளிவு வில்லின் பலத்தோடு பொருந்த வேண்டும். 28 அங்குல இடைவெளியில் தாங்கி வைத்த அம்பின் நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, எத்தனை அங்குலம் தொய்கிறது என்று பார்ப்பார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் 500 என்று எண். எண் கூடினால் அம்பு மென்மை. 70 பவுண்டுக்கு வாங்கிய பழைய அம்புகள் 50 பவுண்டு வில்லுக்கு மிக விறைப்பு. மனசில்லாமல் அவற்றைக் கொடுத்துவிட்டு 500 எண் அம்பு ஒரு டஜன் வாங்கினான்.

வீட்டுக்கு வந்த பிறகு சுருதி சேர்க்கும் வேலை. அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. முதலில் இரு சக்கரங்களும் ஒரே நேரத்தில் முட்டி நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று முந்தினால் வடத்தை முறுக்கிச் சரிசெய்வார்கள். அதற்கு வில்லை அழுத்திப் பிடிக்கும் தனி இயந்திரம் வேண்டும், கடையில்தான் செய்ய வேண்டும்; வெறுங்கையால் நாணைக் கழற்றப் போனால் விபத்து. அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடுவதும் கூடவே கூடாது, ஆற்றல் முழுதும் வில்லுக்கே திரும்பி அது உடைந்துவிடும். பிறகு அம்பின் வால் நாணில் பொருந்தும் இடம். நாணுக்குச் செங்குத்தாக, மட்டமாக நிற்க வேண்டும்.

அப்புறம் காகிதம். ஒரு மரச்சட்டத்தில் செய்தித்தாளை விறைப்பாக ஒட்டி, பின்னால் வைக்கோல் கட்டு வைத்து, இரண்டு மீட்டரிலிருந்து எய்வது. அம்பு நேராகப் போனால் ஒரு துளையும் அதைச் சுற்றி மூன்று இறகுக் கீறலும் இருக்கும். வால் மேலே தூக்கிப் போனால் கிழிசல் மேல்நோக்கி நீளும், பக்கவாட்டில் ஆடினால் பக்கவாட்டில் நீளும். அம்பு தாங்கியை ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி எய்து, மறுபடி பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றலாம். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. எனக்குக் கொடுத்த வேலை, ஒவ்வொரு காகிதத்திலும் எண் போட்டு, எதை எவ்வளவு நகர்த்தினோம் என்று எழுதுவது. ஓய்வுபெற்ற பிறகு நான் பராமரித்த ஒரே பதிவேடு அது. பதினான்காவது காகிதத்தில் சுத்தமான துளை விழுந்தது.

அன்று ஷெட்டிலிருந்து பழைய வில்லையும் எடுத்து ஒரு காகிதத்தில் எய்தான். கிழிசல் மேலும் இடமுமாக மூன்று விரல் நீளம். நாண் மாற்றிய பிறகு ஒரு தடவையும் சோதிக்கவே இல்லை என்றான். அந்தக் காகிதத்தை அவன் கிழித்துப் போடவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கடைசிச் சோதனை வேட்டை முனையில். பயிற்சி முனை வழவழப்பானது. வேட்டை முனையில் அலகுகள் இருப்பதால் காற்று அதைப் பிடித்துத் திருப்பும். வில்லில் மிச்சமிருக்கும் சின்னப் பிசகையும் அது காட்டிக்கொடுத்துவிடும். 20 மீட்டரில் இரு வகை முனைகளும் ஒரே இடத்தில் சேரும்வரை விடாமல் பார்த்தான். புது நாண் சில நூறு எய்தலுக்குப் பிறகுதான் நிலைக்கும் என்பதால் மறுபடியும் ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். நான் விமானம் ஏறும் நாள்வரை அது நடந்துகொண்டிருந்தது.

நவம்பர் கடைசியில் தொலைபேசியில் கூப்பிட்டான். முதல் மான் வந்ததாம். இழுத்தானாம். அது பாதி உடம்பைக் காட்டி நின்றதாம். மனசுக்குள் நாற்பதுவரை எண்ணினானாம், கை ஆடவே இல்லையாம்.

“அப்புறம்?” என்றேன்.

“தோள் தெரியல. இறக்கிட்டேன். அது மேய்ஞ்சுட்டுப் போயிடுச்சு” என்றான். பேச்சில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையனின் சந்தோஷம். அதற்குப் பிந்தைய வருஷங்களில் அவன் இரண்டு மான்களை எய்ததாகவும், இரண்டும் நாய்க்கு வேலை வைக்கவில்லை என்றும் சொன்னான். அதைவிட இந்த எய்யாத மானின் கதையைத்தான் அடிக்கடி சொல்வான்.

பேரனுக்கு மறுநாள் காலை இதில் கால்வாசியைச் சொன்னேன். சக்கரம் வைத்தது இழுக்கச் சுலபமாக இருக்க என்பதைவிட, இழுத்த பிறகு நிற்கச் சுலபமாக இருக்க என்று சொல்வதுதான் சரி என்று திருத்திக்கொண்டேன். “ராமருக்கு அது தேவைப்படலையா?” என்று கேட்டான். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. வாசகர்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.